புளிக் கொட்டகையில் பாடிய அண்ணன்

எனக்குப் பிடித்த பாடகர்களில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. அவர்கள் பாடிய பாஷையும் தெரியாது. எந்த ஊர்க்காரர்கள், இப்போது உயிரோடு இருக்கிறார்களா என்பதும் தெரியாது. ஆனாலும் சித்திரை வெயிலில் தகரக் கூரை படபடவென்று சத்தம் போடும் மத்தியான நேரத்தில், அந்தக் குரல்களில் ஏதாவது ஒன்று என் காதுக்குள் தானாக வந்துவிடும். தோளில் இருக்கும் மூட்டை கொஞ்சம் கனம் குறைந்த மாதிரி இருக்கும்.

அரூர் பக்கம் ஒரு புளி மண்டியில் வேலை செய்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு சேர்ந்தவன், இன்றைக்கும் அங்கேதான். மாசி பிறந்தால் புளி வர ஆரம்பிக்கும். காலையில் பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஓடு உடைப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் மரத்தடிக்கும் வந்துவிடும். அதனால் கொட்டகைக்குள் போய்க் கொட்டை எடுப்பார்கள். ஆளுக்கு ஒரு கல், ஒரு சின்னச் சுத்தி. புளியைக் கல்லின்மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் கொட்டை பிதுங்கி வெளியே விழும். அதை ஒதுக்கிவிட்டு அடுத்த புளி. மூட்டை தூக்குவது, எடை போடுவது, களத்தில் காயும் புளியைத் திருப்பிவிடுவது எல்லாம் என் வேலை.

கொட்டை எடுக்கிற வேலையில் பெரிய தொல்லை தூக்கம்தான். களி தின்ற வயிறு, மேலே கொதிக்கிற தகரம், ஒரே மாதிரியான வேலை. கண் சொக்கினால் சுத்தி விரல்மேல் விழும். அதனால் மண்டி முதலாளி பாய், வளைகுடாவிலிருந்து வந்திருந்த தன் தம்பி கொடுத்த டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்து கொட்டகையில் வைத்தார். ஸ்விட்சு பெட்டி என் தராசுக்குப் பக்கத்தில் இருந்ததால், டேப் போடுவதும் நிறுத்துவதும் என் பொறுப்பானது.

முதலில் சினிமாப் பாட்டுத்தான் போட்டோம். வாரம் முடிவதற்குள் வம்பு வந்தது. ஒரு நடிகரின் பாட்டைப் போட்டால் கதவோரம் உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இன்னொரு நடிகரின் பாட்டைப் போட்டால் சுவரோரம் இருந்தவர்கள் புளியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். குத்துப் பாட்டுப் போட்டால் சுத்தி வேகம் பிடித்து, கொட்டை நொறுங்கிப் புளியோடு ஒட்டிக்கொண்டது. சோகப் பாட்டுப் போட்ட அன்று, புருஷனோடு கோபித்துக்கொண்டு அம்மா வீட்டில் இருந்த ஒரு பெண் விசும்ப ஆரம்பித்தாள். அவளைத் தேற்றப் போனவர்களும் அழுதார்கள். பாய் வந்து பார்த்தபோது கொட்டகையில் ஒரு சுத்தியும் அசையவில்லை.

"என்னம்மா இது? புளியில உப்பு எறங்குது பாருங்க. மூட்ட கட்டறப்ப எப்படியும் உப்புப் போடத்தான் போறம். ரெண்டு வாட்டி வேணாம்மா."

அழுதுகொண்டிருந்தவளே சிரித்துவிட்டாள். மறுநாள் பாய், தம்பியின் பெட்டியிலிருந்து வேறொரு டேப்பை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார்.

"இதப் போடு. இங்கிலீஷ் பாட்டு. யாருக்கும் புரியாது. சண்டயும் போட முடியாது, அழுவவும் முடியாது."

அந்த டேப்பின் அட்டையில் ஒரு கடற்கரைப் படம் இருந்தது. மஞ்சள் மணல், கோடு போட்ட குடை, அதன் கீழே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்திருக்கும் ஒரு பெண். மேலே ஏதோ எழுதியிருந்தது. நான் ஐந்தாவதோடு நின்றவன். ஆங்கில எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்வேன், சேர்த்தால் என்னவென்று தெரியாது. பாய்தான் படித்துச் சொன்னார்.

"வெயில் காலத்துப் பாட்டுன்னு போட்டுருக்குதும்மா. அந்த ஊருங்கள்ல வெயில் காலத்துக்குன்னே தனியாப் பாட்டு உண்டாம்."

"வெயிலுக்குப் பாட்டா? எதுக்கு பாய், போ போன்னு தொரத்தறதுக்கா?"

"இல்லம்மா. வா வான்னு கூப்படறதுக்கு. அங்க குளிரு ஜாஸ்தி. வெயிலு வந்தா அவுங்களுக்கு நோம்பி, திருவிழா மாதிரி."

"அப்ப இந்தப் புள்ளய நம்ம களத்துல ஒரு நாளு வந்து படுக்கச் சொல்லுங்க. புளியோட சேத்துத் திருப்பி உட்டர்றம்."

இதைச் சொன்னவர் பெரியக்கா. தன் ஊரிலிருந்து பெண்களைக் கூட்டிவந்து வேலை செய்ய வைக்கிற மேஸ்திரி அவர்தான். வாய்க்குப் பயந்து பாய்கூட அவரிடம் அளந்துதான் பேசுவார். அவருக்கு வீட்டுக்காரர் இல்லை. ஒரே மகன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

இப்படித்தான் எங்கள் கொட்டகைக்கு இங்கிலீஷ் பாட்டு வந்தது. முதல் இரண்டு நாள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பாட்டு இல்லாமல் மத்தியானம் நகரவில்லை.

பாட்டுகளின் பெயர் யாருக்கும் தெரியாததால் பெண்களே பெயர் வைத்தார்கள். ஒருவன் எங்கோ வேலியோரம் நடந்து போகிற மாதிரி சீட்டி அடித்துக்கொண்டே வருவான், அது சீட்டிப் பாட்டு. ஒன்றில் ஆணும் பெண்ணும் கூட்டமாகச் சேர்ந்து கை தட்டுவார்கள். அது வந்தால் சுத்திகளும் சேர்ந்துகொள்ளும், அது கைதட்டுப் பாட்டு. இன்னொரு பாட்டை அவர்கள் முடிக்கவே மாட்டார்கள். பாடிக்கொண்டே தூரமாகப் போய், சத்தம் தேய்ந்து தேய்ந்து காணாமல் போய்விடுவார்கள். "கடத்தூர் பஸ்ஸுல ஏறிட்டாங்கடி" என்று யாராவது சொல்வார்கள். அதற்குக் கடத்தூர் பஸ் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எனக்கு அந்தப் பாட்டுகள் ஏன் அப்படிப் பிடித்தன என்று பல தடவை யோசித்திருக்கிறேன். வார்த்தை புரியாததால் குரலை மட்டும்தான் கேட்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் பேசுவது சுவர் வழியாகக் கேட்கும்போது, என்ன பேசுகிறார்கள் என்று தெரியாவிட்டாலும் கொஞ்சுகிறார்களா திட்டுகிறார்களா என்று தெரியுமே, அந்த மாதிரி. இந்தப் பாட்டுகளில் யாரும் யாரையும் திட்டவில்லை. யாருக்கும் அவசரம் இல்லை. வெயிலைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. நான் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும், வேறு யாராவது நிறுத்தச் சொல்கிறார்களா என்று பார்க்கிற ஆள். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டால் கடைசியாகப் போகிறவன். அவர்களோ தொண்டையைத் திறந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, கொஞ்சமும் கூச்சமில்லாமல் சந்தோஷமாக இருந்தார்கள். அதைக் கேட்க எனக்கு ஆச்சரியமாக இருக்கும். பொறாமையே வராத ஆச்சரியம்.

டேப்பின் இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டு இருந்தது. அதற்குத்தான் அண்ணன் பாட்டு என்று பெயர். ஓர் ஆண், அடித்தொண்டையில், நிதானமாக, யாரிடமோ எதையோ கேட்டுக்கொண்டே இருப்பார். கொடுத்தால் சரி, கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, கேட்டுக்கொண்டு இங்கேயே நிற்கிறேன் என்பது போல இருக்கும். நடுவில் பாடுவதை நிறுத்திவிடுவார். மணி மாதிரி ஒரு வாத்தியம் மட்டும் ஒலிக்கும். அது முடிகிற இடத்தில், திரும்பப் பாடுவதற்கு முன்னால், நீளமாக ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சு வருவதற்காகக் கொட்டகையே காத்திருக்கும். வந்ததும் பெரியக்கா, "ஐயோ, சாமி" என்பார்.

ஒரு நாள் யாரோ ஒருத்தி அவரைக் கிண்டல் பண்ணினாள். "என்னக்கா, அண்ணன் பாட்டு வந்தா மட்டும் உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆவுது?"

பெரியக்கா கோபப்படவில்லை. சுத்தியை நிறுத்தாமலே சொன்னார்.

"எங்கூட்டுக்காரரு தண்ணி கேட்டாருன்னா தெருவே திரும்பிப் பாக்கும்டி. எங்கப்பன் அதுக்கு மேல. ஒரு ஆம்பள கெஞ்சறத நான் இங்க வந்துதான் கேட்டன். கெஞ்சறப்பகூட எவ்ளோ மரியாதயா கெஞ்சறாரு பாரு."

அதற்குப் பிறகு யாரும் அவரைக் கிண்டல் பண்ணவில்லை. நான் மட்டும் அந்தப் பாட்டு வரும் நேரத்தில் எடை போடுகிற வேலையை வைத்துக்கொள்ள மாட்டேன். தராசுச் சங்கிலி சத்தம் போடும்.

அந்த டேப் பல கோடைகள் ஓடியது. பிறகு ஒரு வருஷம், வெயிலிலும் புளித் தூசியிலும் நாடா சுருண்டு, டேப் ரிக்கார்டருக்குள் சிக்கி அறுந்துபோனது. பாய் தர்மபுரி வரைக்கும் கேட்டுப் பார்த்தார், அது மாதிரி இன்னொன்று கிடைக்கவில்லை. அதற்கப்புறம் ரேடியோ, அதற்கப்புறம் செல்போன். இப்போது வேலைக்கு வருகிற சின்னப் பெண்கள் உருண்டையான ஒரு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து, தங்களுக்குப் பிடித்ததைப் போடுகிறார்கள். சண்டை வந்தால் ஆளுக்கொரு இயர்போன். ஆனாலும் பழைய ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால், "அந்த சீட்டிப் பாட்டு இருந்துச்சே" என்று பேச்சு வரும்.

இந்த வருஷம் பெரியக்கா இதோடு வேலைக்கு வருவதில்லை என்று சொல்லிவிட்டார். மகன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய், வீடு எடுத்து, குழந்தையும் ஆகிவிட்டது. சீசன் முடிந்ததும் அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போகிறான். பெண்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்குப் பட்டுச் சேலை எடுப்பதாகப் பேசியது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது.

"எனக்கு எதுக்குடி பட்டு? நாலாவது மாடியில உக்காந்து யாருக்குக் காட்டறது? என்னமாச்சும் செய்யணும்னா அந்த அண்ணன் பாட்ட ஒருக்கா போட்டு உடுங்க. கேட்டுட்டுப் போறன்."

ஸ்பீக்கர் கொண்டுவருகிற பெண், "பேரச் சொல்லுங்கக்கா, இப்பவே போடறன்" என்று போனை எடுத்தாள்.

"பேரு தெரிஞ்சா நான் ஏன்டி உன்னக் கேக்கறன்?"

"ஒரு வரி பாடுங்க."

பெரியக்கா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மற்றவர்களும் முயன்று பார்த்தார்கள். சீட்டிப் பாட்டு வந்தது, கைதட்டுப் பாட்டு வந்தது, அண்ணன் பாட்டு யாருக்கும் முழுசாகப் பிடிபடவில்லை. அப்போது பெரியக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பிக்குத் தெரியும். டேப்பு போட்டதே அவன்தான."

கொட்டகையே என்னைப் பார்த்தது. எனக்குத் தெரியும். முதல் வரியிலிருந்து கடைசி மூச்சு வரைக்கும் அந்தப் பாட்டு எனக்குள் இருக்கிறது. ஆனால் நான் யார் முன்னாலும் பாடியதில்லை. "பாக்கறங்க்கா" என்று சொல்லிவிட்டு, களத்தில் புளியைத் திருப்பப் போய்விட்டேன். அது திருப்பி முடித்த புளிதான்.

வீட்டில் இதைச் சொன்னேன். என் மகள் காலேஜில் படிக்கிறாள். "இதுக்கா இப்டி உக்காந்துருக்கறிங்க? பேரே வேணாம்ப்பா. மெட்ட முணுமுணுத்தாப் போதும், போனே கண்டுபுடிச்சிரும். எங்க, பாடுங்க" என்று போனை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "பாடுறாரா? இத்தன வருசமா குடித்தனம் பண்றன், தும்மறதக்கூட மெதுவாத்தான தும்முவாரு. இரு, கேஸ அணைச்சிட்டு வரன்."

எனக்கு வரவில்லை. எப்படி அமுக்குவது என்பதை மட்டும் மகளிடம் கேட்டுக்கொண்டு, மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் வண்டியை ஏரிப் பக்கம் விட்டேன். ஏரியில் தண்ணீர் இல்லை. தூரத்தில் ஆடுகள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன. போனை எடுத்து முணுமுணுத்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை என்றது. இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடினேன். அப்போதும் இல்லை. போனுக்கும் என் கூச்சம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். சுற்றிலும் பார்த்துவிட்டு, தொண்டையைத் திறந்து பாடினேன். ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன. போன் ஒரு படத்தைக் காட்டியது.

தொட்டேன். பாட்டு ஆரம்பித்தது. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. பாடியது ஒரு பெண். அதுவும் சின்னப் பெண், துள்ளிக்கொண்டு, ஓட்டமாகப் பாடினாள். வேறு ஏதோ பாட்டைக் காட்டிவிட்டது என்று நிறுத்தப் போனேன். அப்போது குரல் நின்று மணிச் சத்தம் வந்தது. அதே மணி. அதன் முடிவில் ஒரு மூச்சு. சின்ன மூச்சு, சிரிப்பதற்கு முன்னால் இழுக்கிற மாதிரி. இடம் மட்டும் அதே இடம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரே பாட்டை இரண்டு பேர் பாடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே மண்டிக்குப் போனேன். அன்று மத்தியானம் எடை போடும்போது மேலே பார்த்தேன். மின்விசிறி இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. கோடையில் எங்கள் பக்கம் அப்படித்தான். மத்தியானம் விவசாயத்துக்கு த்ரீ பேஸ் கரண்டு விடும் நேரத்தில் சுற்றுவட்டாரக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும், கொட்டகைக்குக் கரண்டு இறங்கிவிடும். குண்டு பல்பு சிவந்து போகும். விசிறியின் இறக்கைகளைத் தனித்தனியாகப் பார்க்கலாம்.

அந்த டேப் ரிக்கார்டரும் இதே கரண்டில்தான் ஓடியது. நாங்கள் பாட்டுப் போட்டதே இந்த நேரத்தில்தான், கோடையில்தான். விசிறி மெதுவாகச் சுற்றிய மாதிரி நாடாவும் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகச் சுற்றினால் குரல் கனத்துப் போகும். துள்ளல் போய், கெஞ்சல் ஆகிவிடும். சினிமாப் பாட்டும் அப்போது கொஞ்சம் கனத்துத்தான் கேட்டது, பெட்டியின் கோளாறு என்று விட்டுவிட்டோம்.

பாடியது அண்ணனே இல்லை.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தப் பெண்ணை நினைத்துப் பெருமையாக இருந்தது. வேகத்தைக் குறைத்து, குரலை மாற்றி, ஆளையே மாற்றிய பிறகும் அவள் பாட்டு அழகாகத்தானே இருந்தது. எத்தனை நன்றாகப் பாடியிருந்தால் அது அப்படித் தாங்கும்? அதன் பிறகுதான் பெரியக்கா நினைவு வந்தது. ஒரு ஆம்பள கெஞ்சறத நான் இங்க வந்துதான் கேட்டன் என்று சொன்னாரே. இதைப் போட்டுக் காட்டினால் அவருக்குப் பாட்டுக் கிடைக்குமா, இல்லை இருந்ததும் போய்விடுமா?

மகளிடம் சொன்னேன். அவள் போனில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள், பாட்டு இழுத்ததே தவிரக் குரல் கனக்கவில்லை. பிறகு என்னவோ செய்து, அந்தப் பெண்ணின் குரலை ஆண் குரலாக மாற்றிக் கொடுத்தாள். கேட்டோம். சாமி வந்தவன் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. என் மனைவி, "இதப் போட்டிங்கன்னா அந்தக்கா ஓசூருக்குப் போவாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போவும்" என்றாள். அழித்துவிடச் சொன்னேன். பாட்டே கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் அத்தனை வருஷம் காத்திருந்த ஒருவரிடம், பையில் பாட்டை வைத்துக்கொண்டு இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை.

கடைசி நாள் பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. சாப்பிட்டுவிட்டு, மிச்சம் இருந்த கொஞ்சம் புளியோடு பெண்கள் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். பெரியக்கா தன் பழைய இடத்தில், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருந்தார். "கெடச்சுதா தம்பி?" என்றார். தலையாட்டினேன். ஸ்பீக்கர் பெண்ணிடம் என் போனைக் கொடுத்தேன். பாட்டு ஆரம்பித்தது.

அந்தக் குரல் வந்ததும் ஒவ்வொரு சுத்தியாக நின்றது.

"அண்ணா, ராங் நம்பரு" என்றாள் ஸ்பீக்கர் பெண்.

பெரியக்கா கடைசி வரை கேட்டார். பிறகு மெதுவாக, "இது அவுரு இல்ல தம்பி" என்றார்.

நான் தரையைப் பார்த்தபடி விசிறியைப் பற்றிச் சொன்னேன், கரண்டைப் பற்றிச் சொன்னேன், நாடாவைப் பற்றிச் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"கரண்டு எறங்குனா பொம்பள ஆம்பளயா ஆயிருவாளா? அப்ப கரண்டு ஏறுனா எங்கூட்டுக்காரரு பொம்பளயா ஆயிருவாரா? ஸ்டெபிலைசரு வாங்கி வெக்கணும்டி!"

பெரியக்கா மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த சுத்தியைக் கல்லின்மேல் வைத்தார்.

"அப்ப அந்த ஆளே இல்லியா தம்பி?"

சிரிப்பு அடங்கிவிட்டது.

"இத்தன வருசமா நான் கேட்டனே. அப்டி ஒரு ஆளே இல்லியா?"

எல்லோரும் என்னைப் பார்ப்பது தெரிந்தது. எனக்குத் தெரிந்த ஆறுதல் வார்த்தைகள் மிகவும் குறைவு. நான் தராசுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அதன் சங்கிலியைக் கையால் பிடித்துக்கொண்டேன், சத்தம் வராமல் இருக்க. பிறகு பாடினேன்.

வார்த்தை எதுவும் இல்லை, வெறும் மெட்டுத்தான். எங்கள் டேப் ரிக்கார்டரின் வேகத்தில், அடித்தொண்டையில், அவர் எப்படிக் கேட்டுக்கொண்டே நிற்பாரோ அப்படி. முதலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஏரியில் ஆடுகள் திரும்பிப் பார்த்ததை நினைத்துக்கொண்டேன், கொஞ்சம் வந்தது. மணி வரும் இடத்தில் நிறுத்தினேன். மணியை என்னால் பாட முடியாது. அந்த இடம் காலியாகவே போகட்டும் என்று மனதுக்குள் மட்டும் ஓடவிட்டேன். அப்போது பின்னால் யாரோ சுத்தியால் கல்லை மெதுவாகத் தட்டினார்கள். இன்னொருவர் தட்டினார். மணி நின்ற இடத்தில் நீளமாக மூச்சு விட்டேன். பழைய ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில், "ஐயோ, சாமி" என்றார்கள்.

பாடி முடித்த பிறகும் நான் திரும்பவில்லை. காதெல்லாம் சூடாக இருந்தது. மூட்டையின் முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

"இருக்கறாரு" என்றார் பெரியக்கா.

பிறகு அவருடைய பழைய குரல் திரும்பி வந்தது. "ஏன் தம்பி, இத்தன நாளா இத உள்ள வெச்சிக்கிட்டா தராசு புடிச்சிட்டு இருந்த? கட்டன மகராசிக்காச்சும் பாடிக் காட்டிருக்கலாம்ல?"

"அவுருக்கே லோ வோல்டேஜுக்கா" என்றாள் ஸ்பீக்கர் பெண். கொட்டகை மறுபடியும் சிரித்தது. இந்த முறை நானும் சிரித்தேன், தராசைப் பார்த்துத்தான்.

"சரி, இப்ப அந்தப் புள்ளய இன்னொருக்கா பாடச் சொல்லு" என்றார் பெரியக்கா.

திரும்பப் போட்டார்கள். இந்தத் தடவை அவர் தலையைச் சாய்த்து, சந்தையில் சாமானைத் தட்டிப் பார்க்கிற மாதிரி கவனமாகக் கேட்டார். அந்தப் பெண் துள்ளிக்கொண்டு பாடினாள். மணி வந்தது. அவளுடைய சின்ன மூச்சு வந்தது. பெரியக்காவின் முகம் மலர்ந்தது.

"இவ கெஞ்சலடி. சிரிக்கறா. அவரு அங்க நின்னு கெஞ்சறாரு பாரு, அதக் கேட்டுக்கிட்டு இவ இங்க சிரிக்கறா." கொஞ்சம் நிறுத்தி, "சிரிக்கட்டும். நல்ல சோடிதான்" என்றார்.

தன் பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார். மகன் வாங்கிக் கொடுத்த புதுப் போன்.

"ரெண்டயும் இதுல ஏத்திக் குடு. அவ பாட்டும் வேணும், அவரு பாட்டும் வேணும்."

"அக்கா, நான் எப்டிக்கா..."

"இப்பப் பாடுன இல்ல? அதே மாதிரிதான். வெக்கமா இருந்தா மூட்டைக்குப் பின்னால போய்ப் பாடு. நாங்க பாக்கல."

பெண்ணின் பாட்டை ஸ்பீக்கர் பெண் ஏற்றிக் கொடுத்தாள். சிவப்புப் புள்ளியைத் தொட்டால் பதிவாகும் என்றும் காட்டினாள். நான் போனை எடுத்துக்கொண்டு அடுக்கிவைத்த மூட்டைகளுக்குப் பின்னால் போனேன். சுற்றிலும் புளி வாசம். மேலே விசிறி இழுத்து இழுத்துச் சுற்றியது.

அந்தப் பக்கம் ஸ்பீக்கர் பெண் சொல்வது கேட்டது. "எல்லாரும் சுத்திய நிறுத்துங்க, அண்ணன் ரெக்கார்டு பண்றாரு."

"நிறுத்தாதடி" என்றார் பெரியக்கா. "தட்டுங்க. அந்தச் சத்தம் இல்லாம நாம என்னிக்கு அவரக் கேட்டம்?"

சுத்திகள் ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தன. எல்லாம் சேர்ந்து ஒரு சீராக வரும்வரை காத்திருந்தேன். பிறகு அந்தச் சிவப்புப் புள்ளியைத் தொட்டுவிட்டு, மூச்சை இழுத்தேன்.